கராஜில் கட்டும் கப்பல்

1898-ல் அமெரிக்காவின் இரண்டு கரைகளிலும், ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு காரியங்கள் நடந்தன. மேற்கே சான் பிரான்சிஸ்கோவில், குளத்தில் மாதிரிப் பாய்மரப் படகு விடும் ஆர்வக்காரர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கிழக்கே நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், நிக்கோலா டெஸ்லா தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு சின்ன இரும்புப் படகைக் கம்பி எதுவும் இல்லாமல் தூரத்தில் நின்றே திருப்பிக் காட்டினார். 64-ன் கனமூலம் என்ன என்று கூட்டத்திலிருந்து கேள்வி வந்தபோது படகின் விளக்கு நாலு தடவை மின்னியது. பதில் சொன்னது படகு என்று நம்பியவர்களும் உண்டு. காப்புரிமை அலுவலகம் லேசில் நம்பவில்லை. தலைமைப் பரிசோதகர் நியூயார்க் வந்து கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்தானது என்று டெஸ்லா பின்னாளில் எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் 8-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் எண் 613,809.

சான் பிரான்சிஸ்கோக்காரர்களுக்கு அந்த வித்தை அப்போது தேவைப்படவில்லை. பாயையும் சுக்கானையும் கரையிலேயே சரிசெய்து படகைத் தள்ளிவிடுவார்கள். அது எதிர்க்கரையில் முட்டுவதற்குள் நீளக் கோலோடு ஓடிப்போய்த் திருப்பிவிடுவார்கள். கோல்டன் கேட் பூங்காவின் ஸ்டோ ஏரியில் முதலில் விட்டுப் பார்த்தார்கள் (2024-ல் அந்த ஏரிக்கு ப்ளூ ஹெரான் என்று பெயர் மாறிவிட்டது). பிறகு, எங்களுக்கென்று தனி ஏரி வேண்டும் என்று கேட்டு வாங்கியும் விட்டார்கள்! 1904-ல் திறந்த ஸ்ப்ரெக்கெல்ஸ் ஏரி மாதிரிப் படகுக்கென்றே வெட்டியது. பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்த அடால்ஃப் ஸ்ப்ரெக்கெல்ஸின் பெயரைத் தாங்கிய அந்த ஏரியும், கரையில் 1930-களின் பஞ்ச காலத்தில் அரசு வேலைத் திட்டம் கட்டித் தந்த சங்கக் கட்டடமும் இன்றும் இருக்கின்றன. ஃபிரிமான்ட், சன்னிவேல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோல்டன் கேட் பாலம் பார்க்க விருந்தாளிகளை அழைத்துப் போகும்போது, ஃபுல்டன் தெருப் பக்கம் இந்த ஏரியைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்குப் பாலத்தைவிட இதுதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

டெஸ்லாவின் வானொலியும் சங்கத்தாரின் படகும் ஒன்றுசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. டிரான்சிஸ்டர் வந்து, வானொலிக் கருவி சின்னதாகி, விலையும் இறங்கிய பிறகுதான் கோலோடு ஓடுவது நின்றது. அப்போதும் ஒரு தொல்லை இருந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய தடங்கள். ஒரே தடத்தில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் ஒருவர் படகு இன்னொருவர் பேச்சைக் கேட்கும். அதனால் கரையில் ஒரு பலகை இருக்கும். தடத்துக்கு ஒரு கிளிப். கிளிப் யார் கையிலோ அவர்தான் சுவிட்ச் போடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தப் பலகைக்கு வேலை போய்விட்டது. இன்றைய ரிமோட்டுகளில் பல, ஒரே அலைவரிசையில் நிற்காமல் கணத்துக்குக் கணம் தாவிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் தாவலுக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலோடு சேர்ந்து 1942-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். எதிரி குறுக்கிட முடியாதபடி டார்பிடோவை வானொலியால் ஓட்டுவதற்காக அவர்கள் யோசித்தது அது. டெஸ்லாவும் தன் படகில் போர்க்கருவியைத்தான் கண்டார். கடைசியில் இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாத்துகளைப் பயமுறுத்தப் பயன்படுகின்றன.

சரி, கடையில் வாங்கி ஓட்டினால் என்ன? தாராளமாக ஓட்டலாம். பெட்டியைப் பிரித்து, பேட்டரியை ஏற்றி, பத்து நிமிடத்தில் தண்ணீரில் விடலாம். மூன்றாம் வாரம் அது கராஜில் சைக்கிளுக்குப் பின்னால் போய்விடும். இதில் வருஷக்கணக்காக ஊறிக் கிடப்பவர்கள் எல்லாரும் திருத்துகிறவர்கள். ஓட்டுவது அரை மணி நேரம், அதில் கண்ட குறையைச் சரிசெய்வது ஒரு வாரம் என்று வாழ்கிறவர்கள். பகலெல்லாம் திரையில் எழுதி, திரையிலேயே திருத்தி, திரையிலேயே ஒப்புதல் வாங்கும் நம் கணினிக்காரர்களுக்கு, மாலையில் உப்புத்தாளைக் கையில் எடுப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

முதல் படகுக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்பிரிங்கர். அமெரிக்காவின் மாதிரிப் படகுச் சங்கங்களில் செல்லப்பிள்ளையாகிவிட்ட குட்டி இழுவைப் படகு இது. விதி சுலபம்: நீளம் 18 அங்குலம், அகலம் 8 அங்குலம். பக்கவாட்டுக்கு ஒரே வடிவில் இரண்டு பிளைவுட் துண்டுகள், அடியில் முன்னும் பின்னும் மேலே வளைந்த ஒரு தகடு, மேலே ஒரு தளம். அழகு கிடையாது, ஆனால் கவிழாது. மேலே என்ன கட்டுவது என்பது உங்கள் இஷ்டம். கொலுவில் தெப்பக்குளம் வைக்கும் வீடு என்றால், மேலே தெப்ப மண்டபமே கட்டி வலம் வரச் செய்யலாம், விதி தடுக்காது. இந்தப் படகுகளை வைத்துக் கரையில் விளையாட்டும் உண்டு. மிதக்கும் பந்தை மூக்கால் தள்ளிக் கோல் போடுவது, கட்டையைத் துறைக்குள் தள்ளி நிறுத்துவது என்று சிறுசுகள் பெரிசுகளைத் தோற்கடிக்கிற விளையாட்டுகள்.

மரவேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். வேலை, இரண்டு குப்பியைக் கலந்து பூசும் எபாக்சிப் பிசினில் இருக்கிறது. மரத்தை உள்ளும் புறமும் எபாக்சியால் மூடாவிட்டால் தண்ணீர் குடித்து உப்பிவிடும். இந்த எபாக்சிக்கு ஊருக்கு ஊர் குணம் மாறும் என்பதை எந்தக் குப்பியும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. நியூ ஜெர்சியில் கட்டுமானக் காலம் குளிர்காலம். குளம் உறைந்துவிடுவதால் வேறு வேலை இல்லை. ஆனால் அந்தக் குளிரில் கராஜில் பூசிய எபாக்சி மறுநாளும் பிசுபிசுவென்றே நிற்கும். படகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும், வந்தால் வாடை. எடிசன், பிஸ்கட்டவே வீடுகளில் ஜனவரி மாதத்துச் சண்டைகளில் இதற்கும் பங்கு உண்டு. டெக்சாஸில் நேர்மாறு. ஜூலை மாதத்து டாலஸ் கராஜில் கலவையைக் குவளையில் விட்டுவிட்டுத் தூரிகையைத் தேடப் போனால், திரும்பி வருவதற்குள் குவளை சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் சூடு தங்காது, நேரம் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குளிரும் இல்லை, சூடும் இல்லை. பனிமூட்டத்தின் ஈரம்தான் வினை. காய்ந்த பூச்சின் மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைச் சுடுதண்ணீர் விட்டுத் துடைக்காமல் அடுத்த பூச்சு பூசினால், பின்னாளில் தோலாக உரிந்து வரும்.

அடுத்த பரிசோதனைக்கூடம் குளியலறை. 18-க்கு 8 அங்குலம் என்றால் சுமார் 930 சதுர சென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்க ஏறக்குறைய 900 கிராம் ஏற்ற வேண்டும். மோட்டார், சுக்கானைத் திருப்பும் செர்வோ எல்லாம் வைத்த பிறகும் படகு தக்கையாக மிதக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் லிப்போ என்ற லேசான லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தொடாமல் ஆறு வோல்ட் ஈய பேட்டரியை வைக்கிறார்கள்: எடைக்கு எடை, மின்சாரத்துக்கு மின்சாரம். பேட்டரியை ஒரு விரல் முன்னே நகர்த்தினால் அணியம் தாழும், பின்னே நகர்த்தினால் பின்பக்கம் உட்காரும். நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, நகர்த்தி, மறுபடி குறித்து... "என்னங்க, டப்பை எப்ப காலி பண்ணுவீங்க? பிள்ளை குளிக்க வேணாமா?" என்ற குரல் வரும்வரை இது ஓடும்.

ஒழுகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மோட்டாரின் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் குழாய். குழாய் நிறைய கிரீஸ் அடைத்தால் தண்ணீர் ஏறாது. குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்தால், கிரீஸ் தீர்ந்தாலும் கப்பல் தப்பும். ரிசீவரின் ஆன்டெனாவையும் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் இந்த விஷயத்தில் பரவாயில்லை.

ஹோபோக்கனின் நீச்சல் குளம்

இப்படித் தொட்டியில் விட்டுப் பார்ப்பது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஹோபோக்கன் போய்வரலாம். நியூ ஜெர்சியின் அந்த ஊரில், ஹட்சன் நதிக் கரையில், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த கென்னத் டேவிட்சன் 1930-களின் தொடக்கத்தில் கல்லூரி நீச்சல் குளத்திலேயே பாய்மரப் படகு மாதிரிகளை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இவ்வளவு சின்ன மாதிரியை வைத்து ஒரு முழுப் படகின் குணத்தைச் சொல்ல முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. டேவிட்சன் விடவில்லை. ஜிம்கிராக் என்ற நிஜப் படகைக் கடலில் ஓட்டி எடுத்த அளவுகளையும், அதன் மாதிரியைக் குளத்தில் இழுத்து எடுத்த அளவுகளையும் பொருத்திக் காட்டினார். இளம் வடிவமைப்பாளர் ஓலின் ஸ்டீஃபன்ஸ் அவரோடு கைகோத்தார். 1935-ல் முறையான இழுவைத் தொட்டியே வந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் பலன் தெரிந்தது. அமெரிக்காஸ் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டிக்காக ஸ்டார்லிங் பர்ஜஸும் ஸ்டீஃபன்ஸும் வரைந்த மாதிரிகள் அந்தத் தொட்டியில் ஓடின. அவற்றில் தேறிய ஒன்றுதான் ரேஞ்சர் என்ற பெரும் படகானது. 1937 போட்டியில் ரேஞ்சர் ஆங்கிலேயரின் எண்டவர்-2-ஐ 4-0 என்று வென்றது. தேறிய அந்த வரைபடம் இருவரில் யாருடையது என்பதை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தம். பர்ஜஸுடையதுதான் என்று பல ஆண்டுகள் கழித்து ஸ்டீஃபன்ஸே சொன்னார். இந்த நாணயத்துக்காகவே அவர் எனக்குப் பிடித்தவர்.

தொட்டியில் இழுக்கும் முறைக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் 1870-களில் சோதனை செய்த வில்லியம் ஃப்ரூட். அவர் விதியை வீட்டுப் படகுக்கும் போட்டுப் பார்க்கலாம். நிஜப் படகில் 25-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், வேகத்தை 25-ஆல் வகுக்கக் கூடாது, அதன் வர்க்கமூலமான 5-ஆல் வகுக்க வேண்டும். 10 நாட் ஓடும் இழுவைப் படகின் மாதிரி 2 நாட் ஓடினால் அதன் அலை நிஜ அலையைப் போலவே எழும். அதற்கு மேல் விரட்டினால் போட்டோவில் பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். எடையோ 25-ன் கனம், அதாவது 15,625-ல் ஒரு பங்கு. 250 டன் படகு 16 கிலோவுக்கு வந்து நிற்கும்.

தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. நீளம் ஒரு மீட்டர் என்றால், நீங்கள் எவ்வளவு பெரிய மோட்டாரை வைத்தாலும் மணிக்கு 4.5 கிலோமீட்டர் பக்கத்தில் அது திணற ஆரம்பிக்கும். தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முடியாமல், சேற்றில் சிக்கிய மாட்டு வண்டியாக உறுமிக்கொண்டு நிற்கும். கராஜில் கூடுதல் பவர் கேட்கும் பையனுக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம் இதுதான். அலையை ஏறித் தாண்டி, நீரின் மேலே வழுக்கிப் போக வேறு வடிவ அடிப்பாகம் வேண்டும். ஸ்டீவன்ஸ் கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் ஒரு வழி செய்திருக்கிறது. வாட்டர்பாட்டிக்ஸ் என்ற அவர்கள் திட்டத்தில் லெகோ துண்டுகளாலான நீர்மூழ்கிகளைப் பிள்ளைகள் தண்ணீரில் விட்டு, பார்த்து, பிரித்து, மறுபடி கட்டுகிறார்கள். நம் ஊரிலும் வசதி இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் இழுவைத் தொட்டி உண்டு. திருவிழாக் கடையில் எண்ணெய்த் திரி வைத்து ஓடும் தகரப் படகை வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேருக்கு அதைக் காட்டியிருக்கிறோம்?

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரமும் கராஜுக்கு வந்துவிட்டது. அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க உலகமே அச்சடிக்கும் 60 மில்லிமீட்டர் குட்டிப் படகு ஒன்று உண்டு, 2015-ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்று வெளியிட்ட பெஞ்சி. அதைத் தண்ணீரில் விட்டால் குப்புற விழுந்துவிடும். கனம் மேலே இருக்கிறது. அடியில் எடை வைத்து, மோட்டார் பொருத்தி, நிஜமாகவே ஓட்டியும் காட்டிவிட்டார்கள் சிலர். அச்சடித்த அடுக்குகளின் இடுக்கு வழியே தண்ணீர் கசியும் என்பதால், அங்கேயும் எபாக்சி இல்லாமல் தீராது.

டெக்சாஸ் வேகம்

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி என்று தமிழர்கள் குவிந்திருக்கும் வட்டாரத்தில்தான் ரிமோட் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் பெயர்போன டிராக்ஸஸ் நிறுவனத்தின் தலைமையகமும் இருக்கிறது. இங்கே பேச்சு வேகத்தைப் பற்றித்தான். மூன்று செல் லிப்போவின் 11.1 வோல்ட் போதாதென்று நாலு செல், 14.8 வோல்ட் மாட்டுவது எல்லாரும் செய்யும் முதல் 'திருத்தம்'. மோட்டாரில் 2000 கே.வி. என்று போட்டிருந்தால் வோல்ட்டுக்கு 2000 சுற்று. சுமையில்லாமல் 22,200 சுற்று ஓடியது 29,600-க்குப் போகும். சுற்று மூன்றில் ஒரு பங்குதானே கூடியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்றின் கனத்தில் கூடுகிறது: 2.37 மடங்கு. மோட்டாருக்கு மின்சாரம் அளந்து விடும் ஈ.எஸ்.சி. புகைவது இப்படித்தான். கணக்குத் தெரிந்தவர் 42 மில்லிமீட்டர் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு அதே வடிவில் 36 மில்லிமீட்டர் போடுவார். சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் குறையும் என்பதால் சுமை பழைய அளவுக்குப் பக்கத்திலேயே, 1.1 மடங்கில் வந்து நிற்கும். வேகமோ காகிதக் கணக்கில் 14 சதவீதம் கூடும். புகையும் இல்லை.

மற்றத் திருத்தங்களுக்குக் காசு கிடையாது, பொறுமை போதும். புரொப்பெல்லரை ஒரு மெல்லிய கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் கனமான இதழ் கீழே வரும். அதை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, எப்படி விட்டாலும் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேகப் படகின் பின்விளிம்பைக் கத்திபோலக் கூராக்க வேண்டும். பெயின்ட் அடித்து அழகாக உருட்டியிருந்தால், தண்ணீர் அந்த உருட்டலில் ஒட்டிக்கொண்டு படகைப் பின்னால் இழுக்கும். எடைமையம் பின்விளிம்பிலிருந்து நீளத்தில் 30 சதவீதம் அளவில் இருக்கட்டும், 70 சென்டிமீட்டர் படகென்றால் 21 சென்டிமீட்டரில். வளையும் கேபிள் தண்டு வைத்த படகென்றால், பின்னால் தண்டைத் தாங்கும் பிடிக்கும் புரொப்பெல்லர் கவ்விக்கும் நடுவே மூன்று நாலு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது கேபிள் முறுக்கிச் சுருங்கும். இடைவெளி இல்லையென்றால் கவ்வி போய்ப் பிடியில் உரசும். கையேட்டில் ஒற்றை வரியாக இருக்கும் இந்த இடைவெளியைப் படிக்காமல் விட்டுவிட்டு, மோட்டாரைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

உள்ளே காலி இடத்தில் நீச்சல் குளத்து நுரைக் குழாயை வெட்டி அடைப்பது கட்டாயம். கவிழ்ந்தாலும் மிதக்கும். நடுக்குளத்தில் நின்றுவிட்டால், தூண்டில் நரம்பின் முனையில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி, படகைச் சுற்றி வளைத்து இழுத்துவிடலாம். லிப்போவை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். உங்கள் குடியிருப்பின் குளத்தில் விடுவதற்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்தைக் கேளுங்கள். கொல்லையில் வெண்டைக்காய் போடவே அனுமதி கேட்கும் ஊர் அது.

டெக்சாஸ் உலகத்துக்குத் தந்த இன்னொரு பைத்தியம் போர்க்கப்பல் சண்டை. 1970-களின் கடைசியில் அங்கே தொடங்கிய இந்த விளையாட்டில், 20-ஆம் நூற்றாண்டின் நிஜப் போர்க்கப்பல்களை 144-ல் ஒரு பங்கு அளவில் கட்டுகிறார்கள். உள்ளே கார்பன் டை ஆக்சைடு உருளை, அதன் அழுத்தத்தில் சின்ன எஃகுக் குண்டு சுடும் பீரங்கி. பக்கச் சுவர்கள் மெல்லிய பால்சா மரம். குண்டு பட்டால் நிஜமாகவே துளை விழும், நிஜமாகவே மூழ்கும். ஒவ்வொரு கப்பலிலும் நூலோடு ஒரு மிதவை இருக்க வேண்டும். கப்பல் அடியில் போனதும் அது மேலே வந்து இடத்தைக் காட்டும்.

ஆறு வாரம் கட்டியதை ஆறு நிமிடத்தில் மூழ்கடிப்பதில் என்ன இன்பம் என்று கேட்பவர்கள், அந்தக் கரையில் சண்டை முடிந்த பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். வென்றவரும் தோற்றவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து துளைகளை எண்ணுகிறார்கள், மெல்லிய தாளைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள், அடுத்த சுற்றுக்கு இறக்குகிறார்கள். உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பம்பின் வாய் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பல சங்கங்களின் விதி. அந்த எட்டில் ஒரு அங்குலத்துக்குள் இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கூடுதலாக வெளியேற்றுவது எப்படி என்று பம்பின் இறக்கையை வெட்டி, வளைத்து, மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.